வழங்கித் தளமும் மேசைக் கணினியும்

தொழில் வேறுபாட்டால் கருவி வேறுபடுதல் உலகியல்பு. ஊர்ப் பொதுக் கிணற்றின் இராட்டினமும் ஒரு வீட்டுக் கிணற்றின் இராட்டினமும் ஒரே தச்சன் கையால் ஒரே மரத்தினின்று கடையப்பட்டனவாக இருக்கலாம். எனினும், முன்னையது வைகறை முதல் இரவுகாறும் பலர் கைபட்டுச் சுழல்வது. பின்னையது வீட்டார் வேண்டும்போது மட்டும் சுழல்வது. ஆதலின் முன்னையதற்கு உறுதியே முதன்மை. பின்னையதற்குக் கைக்கு எளிதாதலே முதன்மை. பொதுக் கிணற்று இராட்டினத்தை வீட்டுக் கிணற்றில் அமைத்தால் நீர் வாராதோ எனின், வரும். ஆயின், அதனால் வீட்டார்க்கு விளையும் நன்மை யாது, தொல்லை யாது, செலவு யாது என்று எண்ணிப் பார்த்தலே அறிவுடைமையாம். கணினி உலகிலும் இத்தகைய வினாவொன்று நெடுநாளாக நிலவி வருகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுவாம்.

கணினியின் உறுப்புக்களாகிய நுண்செயலி, நினைவகம், வன்தட்டு முதலியவற்றை அடக்கியாண்டு, நாம் இயக்கும் மென்பொருள்களுக்கு அவற்றைப் பங்கிட்டளிக்கும் தலைமை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் என்பன அவ்வகையின. ஒருவர் முன்னமர்ந்து எழுதவும் படிக்கவும் இசை கேட்கவும் உதவுவது மேசைக் கணினி. எவரும் முன்னமராதிருக்க, வலைவழி வரும் பலருடைய வேண்டுகோள்களுக்கு இரவும் பகலும் விடையளித்துக் கொண்டிருப்பது வழங்கி. நம் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் தேர்வு முடிவும் நம்மை வந்தெய்துவது வழங்கிகளின் வாயிலாகவே. இவ்விருவகைக் கணினிகளுக்கும் இருவேறு பெயர்களில் இயங்குதளங்கள் விற்கப்படுகின்றன. வழங்கிக்கென ஆக்கப்பட்ட தளத்தை நாள்தோறும் புழங்கும் மேசைக் கணினியில் நிறுவிக் கொள்ளலாமா, கொண்டால் பயனுண்டா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

மாணவரிடை இவ்வினா எழுதற்குக் காரணங்கள் மூன்று. ஆயிரவர்க்கு ஈடுகொடுத்து உழைப்பது ஒருவர்க்கு இன்னும் விரைந்து உழைக்குமன்றோ என்னும் எண்ணம் முதலாவது. வழங்கித் தளங்களுக்குப் பழுது நீக்கும் திருத்தங்கள் பல்லாண்டு கிடைத்தல் இரண்டாவது. மூன்றாவது, பொருளைப் பற்றியது. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பில் கேட்ஸ் அவர்கள் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் ட்ரீம்ஸ்பார்க் என்னும் திட்டத்தை அறிவித்தார். மாணவர்க்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மென்பொருள்கள் சிலவற்றை விலையின்றி வழங்குதல் அதன் நோக்கம். அவ்வாறு வழங்கப்பட்டவற்றுள் விண்டோஸ் சர்வர் 2003 இருந்தது. வீட்டுக் கணினிக்குரிய விண்டோஸ் இல்லை. கையிற் காசில்லாத மாணவர்க்கு நேரிய வழியில் விலையின்றிக் கிடைத்தது வழங்கித் தளமே. அதனைப் பலர் தம் சொந்தக் கணினியில் நிறுவிப் பார்த்தமை வியப்பன்று. அத்திட்டம் பின்னர்ப் பெயர் மாறிற்று. ஆயினும் அன்று எழுந்த வினா இன்றும் ஓயவில்லை.

இனி, இவ்விரு தளங்களும் பிறப்பால் வேறுபட்டனவா என்பதை நோக்குவோம். 1988-ஆம் ஆண்டில் டேவிட் கட்லர் என்பார் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனை விட்டு நீங்கி மைக்ரோசாப்ட் நிறுவனத்தை அடைந்தார். அவர் தலைமையில் உருவாகிய விண்டோஸ் என்டி 3.1 என்னும் தளம் 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெளிவந்த அன்றே அஃது இரு வடிவிற்று: ஒன்று தனியொருவர் மேசைக்கு, மற்றொன்று அட்வான்ஸ்டு சர்வர் என்னும் பெயரால் வழங்கிக்கு. இரண்டற்கும் உட்கரு ஒன்றே. அம்மரபே இன்றுகாறும் தொடர்கின்றது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் 64-பிட்டு வடிவம், சர்வர் 2003-இன் அடிப்படைமீது எழுப்பப்பட்டதேயாம். விண்டோஸ் 7-உம் சர்வர் 2008 ஆர்2-உம் 2009-ஆம் ஆண்டில் 6.1 என்னும் ஒரே உள்ளெண்ணுடன் வெளிப்போந்த உடன்பிறப்புக்கள்.

இவ்வொற்றுமை 1996-ஆம் ஆண்டில் ஒரு பெரும் பூசலுக்கு இடமாயிற்று. அவ்வாண்டு வெளிவந்த என்டி 4.0 தளத்தின் மேசை வடிவினும் சர்வர் வடிவின் விலை பல நூறு டாலர் மிகுதி. மேசை வடிவத்தோடு ஒரே வேளையில் பத்துக் கணினிகளுக்கு மேல் தொடர்பு கொள்ளலாகாது என்னும் கட்டுப்பாடும் உரிமத்தில் இருந்தது. அப்போது மார்க் ருசினோவிச் என்னும் அறிஞர், ரெஜிஸ்ட்ரி எனப்படும் உட்பதிவேட்டில் ஓரிரு குறிப்புக்களை மாற்றின் மேசை வடிவம் தன்னைச் சர்வர் என்றே கருதி இயங்கும் என்று கண்டறிந்தார். ஓரெய்லி பதிப்பகத்தார் அச்செய்தியை வெளியிட்டனர். உட்கரு ஒன்றாயின் விலை வேறுபாடு எதற்கு என்று பலரும் வினவினர். அக்குறிப்புக்களைக் கண்டு தளம் தன் உள்ளமைப்பைத் தொழிலுக்கேற்ப மாற்றிக் கொள்கின்றது என்பதும், வழங்கி வடிவத்தோடு வேறு பல துணை மென்பொருள்களும் சேர்ந்து வருகின்றன என்பதும் அதற்கு விடையாகக் கூறப்பட்டன. இரு திறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. பிறப்பால் ஒன்று, மேற்கொண்ட தொழிலால் வேறு என்பதே முடிந்த முடிபு.

அற்றேல், அத்தொழில் வேறுபாடு உள்ளே எவ்வாறு புலப்படுகின்றது? இதனை விளக்குதற்கு நம் நாட்டு முறைப்பாசனத்தை நினைவு கூர்தல் நலம். ஒரு வாய்க்கால் நீரைப் பல வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சுங்கால், முறைக்காலம் நெடிதாயின் மடை மாற்றும் உழைப்பும், மாற்றும்போது வீணாகும் நீரும் குறையும். ஆயின் கடைசி வயல் தன் முறைக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். முறைக்காலம் குறுகிற்றாயின் எவ்வயலும் வாடாது. ஆயின் மடை மாற்றும் வேலை மிகும். நுண்செயலியின் உழைப்பும் இங்ஙனமே மென்பொருள்களுக்குள் முறைவைத்துப் பங்கிடப்படுகின்றது. விண்டோஸ் தளத்தில் கடிகாரத் துடிப்பு ஒன்று பெரும்பான்மையும் 15.6 மில்லிநொடி அளவிற்று. மேசை வடிவத்தில் ஒரு முறைக்காலம் இயல்பாக இரண்டு துடிப்பு, அஃதாவது ஏறத்தாழ 31 மில்லிநொடி. வழங்கி வடிவத்திலோ பன்னிரண்டு துடிப்பு, அஃதாவது ஏறத்தாழ 187 மில்லிநொடி. அன்றியும், மேசை வடிவம் நம் கண்முன் திறந்துள்ள மென்பொருளுக்கு மட்டும் முறைக்காலத்தை மும்மடங்காக்கிச் சிறப்புச் செய்யும். வழங்கி வடிவமோ முன்னிற்பது, பின்னிற்பது என்னும் வேற்றுமை பாராட்டாது எல்லாவற்றிற்கும் ஒத்த முறையே அளிக்கும்.

இவ்வொரு செய்தியினின்றே, வழங்கித் தளம் வீட்டில் விரைந்து உழைக்கும் என்னும் எண்ணம் பிழைபட்டதென்பது போதரும். வழங்கியின் விரைவு என்பது பலர் வேண்டுகோள்களை ஒருசேரக் கணக்கிட்டால் ஒரு மணி நேரத்தில் எத்துணை முடிந்தன என்னும் விரைவு. மேசைக் கணினியின் விரைவு என்பது நாம் ஓர் எழுத்தைத் தட்டியவுடன் அது திரையில் தோன்றும் விரைவு. ஒன்றன் பொருட்டு மற்றொன்று சிறிது விட்டுக்கொடுக்கப்படுகின்றது. நிற்க. இக்காலத்து நுண்செயலிகள் பல உள்ளகங்கள் உடையன. அவை பெரும்பொழுதும் வேலையின்றி இருப்பன. ஆதலின் இவ்வேறுபாடு பெரும்பாலும் நம் உணர்வுக்கு எட்டுவதில்லை. மேலும், இரு வடிவங்களிலும் செயல்திறன் அமைப்புக்களுள் புகுந்து, முன்னிற்கும் மென்பொருளுக்கு முதன்மை தருக, அல்லது பின்னிற்கும் பணிகளுக்கு முதன்மை தருக என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மாற்றிக் கொள்ளலாம். ஆகவே வழங்கித் தளம் வீட்டில் மந்தமாகும் என்று அஞ்சவும் வேண்டா; பறக்கும் என்று நம்பவும் வேண்டா.

இனி, நிறுவியவுடன் கண்ணுக்கும் செவிக்கும் புலனாகும் வேறுபாடுகளைக் கூறுவாம். சர்வர் 2008-ஐ நிறுவியவர்க்கு முதலில் கணினியில் ஒலி எழாது. ஒலிப்பணி உறங்கிக் கிடக்கும். அதனை எழுப்புதல் வேண்டும். வைஃபை எனப்படும் கம்பியில்லா வலைத்தொடர்பும் தானே வாராது. அதனைத் தனியுறுப்பாகச் சேர்த்தல் வேண்டும். திரையழகும் இசைப்பெட்டியும் டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் என்னும் உறுப்பைச் சேர்த்த பின்னரே கிட்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியோ காவல் மிகுந்து ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் இசைவு கேட்கும். கடவுச்சொல் எளிதாயின் ஏற்காது. கணினியை நிறுத்தப் புகுந்தால், என் நிறுத்துகின்றனை என்று காரணம் வினவிப் பதிவு செய்து கொள்ளும். பலர் நம்பியிருக்கும் வழங்கியை ஒருவர் நிறுத்துவாராயின் அவர் காரணங் கூறுதல் முறைமையே. இரவு படித்து முடித்து உறங்கச் செல்லும் மாணவன் நாள்தோறும் அங்ஙனம் விடை கூறுதல் நகைப்புக்கிடமன்றோ! இவை யாவும் மாற்றிக்கொள்ளத் தக்கனவே. ஒரு மாலைப்பொழுது செலவிட்டால் சர்வர் 2008 ஏறக்குறைய விஸ்டா தளம்போலவே காட்சியளிக்கும். 2016 முதல் வந்த வடிவங்களில் திரைமுகம் வேண்டுமா வேண்டாவா என்பதை நிறுவும்போதே முடிவு செய்தல் வேண்டும்; பின்னர் மாற்றலாகாது.

இவ்வாறு தேவையற்றவற்றை உறங்க வைத்தல் குறையன்று. அது வழங்கியின் பாதுகாப்புக்கு உரிய நெறி. திறந்துள்ள வாயில்கள் குறையுந்தோறும் கள்வர் நுழையும் வழியும் குறையும் என்பது அதன் கருத்து. ஆனால், மூடிய வாயில்களை யெல்லாம் நாமே ஒவ்வொன்றாகத் திறந்து விட்ட பின்னர், வழங்கித் தளத்தின் காவல் எனக்குண்டு என்று மகிழ்தல் பொருந்தாது. மேசை வடிவம் செய்யும் வேலைகளை அனைத்தையும் அதனைச் செய்விப்போமாயின், மேசை வடிவத்துக்குரிய இடர்களும் அதனை வந்தடையும்.

உண்மையான தடை வேறோரிடத்தில் உள்ளது. வீட்டுக்கென விலையின்றி வழங்கப்படும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் சில, தாம் நிறுவப்படும் தளம் வழங்கி வடிவமா என்று முதலில் நோக்கி, ஆமெனின் நிறுவ மறுத்துவிடும். வாணிக நிலையங்களுக்குரிய விலை மிகுந்த வடிவத்தை வாங்குமாறு பணிக்கும். அச்சுப்பொறி, வலையட்டை முதலியவற்றின் இயக்கி மென்பொருள்களும் சிலபோது அங்ஙனமே செய்யும். உட்கரு ஒன்றாயினும் பெயர் வேறாதலின் விளையும் இடர் இது. விளையாட்டுக்களையும் சிறு செயலிகளையும் தரும் மைக்ரோசாப்ட் ஸ்டோர் என்னும் கடையும் வழங்கி வடிவங்களில் இல்லை.

நினைவக அளவிலும் ஒரு செய்தி கருதத்தக்கது. விஸ்டாவின் 32-பிட்டு வடிவம் 4 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தை ஏற்காது. அதே காலத்துச் சர்வர் 2008 என்டர்பிரைஸின் 32-பிட்டு வடிவமோ 64 கிகாபைட்டு வரை ஏற்கும். இதனைக் கண்டோர் சிலர், இஃது ஒரு வாணிகச் சூழ்ச்சியே என்றனர். ஆயின், வீட்டுக் கணினிகளில் பொருத்தப்படும் ஒலியட்டை, படவட்டை முதலியவற்றின் இயக்கிகள் பல, 4 கிகாபைட்டுக்கு அப்பாற்பட்ட முகவரிகளைக் கண்டவுடன் தடுமாறிக் கணினியையே வீழ்த்தின என்றும், அதனாலேயே மேசை வடிவத்திற்கு வரம்பிடப்பட்டதென்றும் ருசினோவிச் பின்னர் எழுதினார். 64-பிட்டுத் தளங்கள் பரவியபின் இவ்வாசை தானே அற்றொழிந்தது.

மேசைமீது வழங்கித் தளத்தை வைத்தற்குத் தக்க காரணம் உடையோரும் இருந்தனர். ஒரே கணினிக்குள் பல போலிக் கணினிகளை இயக்கும் ஹைப்பர்-வி என்னும் உறுப்பு, 2008-ஆம் ஆண்டில் வழங்கி வடிவத்தில் மட்டுமே தரப்பட்டது. மென்பொருள் வல்லுநர் பலர் அதன் பொருட்டுத் தம் மடிக்கணினியில் சர்வர் 2008 ஆர்2-ஐ நிறுவினர். அதற்கு ஈடாக அவர்கள் இழந்தது ஒன்றுண்டு. அவ்வுறுப்பை இயக்கினால் கணினியை உறங்க வைத்துப் பைக்குள் இட்டுச் செல்லுதல் இயலாது. முற்றும் நிறுத்தியே எடுத்துச் செல்ல வேண்டும். வழங்கி உறங்கலாகாது என்பது அதன் அறம்; மடிக்கணினி உறங்கியே ஆகவேண்டும் என்பது அதன் தேவை. 2012-ஆம் ஆண்டில் விண்டோஸ் 8-இன் உயர் வடிவங்களிலும் ஹைப்பர்-வி இடம்பெறவே, அவ்விடர்ப்பாடு நீங்கிற்று.

இஃதொருபுறமிருக்க, லினக்ஸ் உலகில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மெல்லிய திரையே. 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் சொந்த மேசைக் கணினியில் எழுதத் தொடங்கியதே லினக்ஸ் உட்கரு. மேசையிற் பிறந்தது இன்று உலகின் வழங்கிகளுட் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்கின்றது. டெபியன் தளத்தை நிறுவுங்கால், திரைமுகம் வேண்டுமா, வலை வழங்கி வேண்டுமா என்று ஒரு பட்டியல் வினவும். விடைக்கேற்ப ஒரே தளம் மேசையாகவும் வழங்கியாகவும் அமையும். உபுண்டுவில் முன்னர் வழங்கிக்கெனத் தனியுட்கரு இருந்தது. 2012-ஆம் ஆண்டு வெளிவந்த 12.04 வடிவத்தில் அதனைப் பொது உட்கருவோடு இணைத்து ஒன்றாக்கிவிட்டனர். 2006-ஆம் ஆண்டின் 6.06 வடிவத்துக்கு மேசையில் மூன்றாண்டும் வழங்கியில் ஐந்தாண்டும் திருத்தங்கள் வாக்களிக்கப்பட்டன, 12.04 முதல் இரண்டற்கும் ஐந்தாண்டே. ஆப்பிள் நிறுவனத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1999-ஆம் ஆண்டில் தனித்தளமாக வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ் சர்வர், 2011-இல் மேசைத் தளத்தின்மேல் சேர்க்கும் ஒரு சிறு மென்பொருளாகச் சுருங்கிற்று. 2022-ஆம் ஆண்டில் அதுவும் நிறுத்தப்பட்டது.

நீண்டகாலத் திருத்தம் என்னும் வாக்கை மட்டும் நம்புதலும் எப்போதும் உறுதி பயவாது. சென்ட்ஓஎஸ் என்னும் விலையில்லா வழங்கித் தளத்தின் எட்டாம் வடிவத்துக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று பலர் நம்பியிருந்தனர். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த அறிவிப்பொன்று அதனை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு முடித்துவிட்டது. அதனை நம்பி அமைத்தோர் ராக்கி, ஆல்மா முதலிய வேறு தளங்களை நாடினர். பழந்தளத்தில் மற்றோர் இன்னலும் உண்டு. ஒரே வடிவத்தைப் பல்லாண்டு மாற்றாது காத்தலே வழங்கியின் சிறப்பு. புதிய கருவிகளும் புதிய மென்பொருள்களும் அதில் காலந்தாழ்த்தே வந்து சேர்தல் அச்சிறப்பின் மறுபக்கம்.

இப்போது இவ்வினா மாணவரை அழுத்துவதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய பொதுத் திருத்தங்கள் முடிவுற்றன. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்னும் காவற் சில்லும் புதிய நுண்செயலியும் இன்றியமையாதன என்கின்றது. அண்ணன் பயின்ற பழங் கணினியைத் தம்பி பெற்றுப் பயிலும் குடும்பங்களில் இதனால் விளையும் கவலை சிறிதன்று. சர்வர் 2022-ஓ அச்சில்லின்றியும் நிறுவக்கூடியது. அதற்கு 2031-ஆம் ஆண்டு அக்டோபர் வரை காவல் திருத்தங்களும் உண்டு. ஆகவே அதனை நிறுவிவிடலாமே என்று சிலர் கூறுகின்றனர்.

அவர் கூற்றைப் பொருள் நிலையாலும் அறநிலையாலும் ஆராய்தல் வேண்டும். 2016 முதல் வழங்கி வடிவத்தின் உரிமம் நுண்செயலியின் உள்ளகங்களைக் கணக்கிட்டு விற்கப்படுகின்றது. நம் கணினியில் நான்கே உள்ளகங்கள் இருப்பினும் பதினாறுக்குக் குறையாமல் வாங்குதல் வேண்டும். அவ்விலைக்கு ஒரு புதுக்கணினியே வாங்கிவிடலாம். விலையின்றித் தரப்படும் தேர்வு வடிவம் 180 நாள் அளவினது. அது சோதித்துப் பார்த்தற்கென்றே தரப்படுவது. மாணவர் திட்டங்களில் வழங்கப்பட்ட உரிமங்களும் கற்றலுக்கும் மென்பொருள் ஆக்கலுக்கும் உரியன. உரிமமின்றி எங்கேனும் ஒரு திறவெண்ணைப் பெற்று நிறுவுதலோ, ஏழ்மையைக் காரணங் காட்டினும் களவேயாம். அன்றியும், அத்தகைய படிகளில் பிறர் என்ன நஞ்சைக் கலந்துள்ளனர் என்பதை அறிதல் அரிது. காவலின் பொருட்டு வழங்கித் தளத்தை நாடியவர் காவலையே இழப்பாராயின் அதனினும் பேதைமை வேறுண்டோ?

அற்றேல் பழங்கணினி உடைய மாணவன் செய்யத்தக்கது யாது? உபுண்டு, டெபியன் முதலிய லினக்ஸ் தளங்களின் மேசை வடிவத்தை நிறுவிக்கொள்ளுதலே நேரிய வழி. விலையில்லை, களவுமில்லை, ஐந்தாண்டளவும் திருத்தங்கள் கிட்டும், வழங்கிகளை ஆளும் அதே உட்கருவே உள்ளே உழைக்கும். தமிழ் எழுத்துக்களும் தமிழ்த் தட்டச்சும் அவற்றில் நன்கு அமைந்துள்ளன. விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள் இன்றியமையாதது எனின், அதற்குரிய மேசை வடிவத்தையே நாடுக. வழங்கி ஆட்சியைத் தொழிலாகக் கற்க விழைவோன் மட்டும் தேர்வு வடிவத்தை ஒரு போலிக் கணினிக்குள் நிறுவிப் பயில்க. ஆங்கு அவன் எதனை உடைத்தாலும் அவன் கட்டுரைகளும் தேர்வுக் குறிப்புக்களும் அழியா.

மேற்கூறியவாற்றான், வழங்கித் தளத்தை மேசையில் வைத்தல் இயலாததன்று. பெரும்பாலோர்க்கு வேண்டுவதுமன்று என்பது தெளியப்படும். பெரிய பெயருடையது நமக்கும் பெரும்பயன் தரும் என்று மயங்காது, நம் தொழில் யாது, அதற்கு வேண்டுவது யாது, அதனை நேரிய வழியிற் பெறுவது எவ்வாறு என்னும் மூன்றையும் முன்னர் வினவிக்கொள்வோமாக. அங்ஙனம் வினவுவார்க்குக் கைப்பொருளும் வீணாகாது, காலமும் வீணாகாது.